பெயர் வைக்கும் முன்பே ஒப்பந்தமா?

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலடியில் சுரங்கம் தோண்டுவதை ஒழுங்குபடுத்த ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கூடும் சர்வதேச கடலடி ஆணையத்தாருக்கும், அங்கே நம் நாட்டின் சார்பில் பேசுகிறவர்களுக்கும் வணக்கம்.

இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பெர்க் கடலடி மலைத்தொடரில் 10,000 சதுர கிலோமீட்டரில் சல்பைடு தாது, அதாவது கந்தகம் கலந்த உலோகத் தாது, தேட 2025 செப்டம்பரில் இந்தியாவோடு பதினைந்து வருட ஒப்பந்தம் போட்டீர்கள். செம்பு, துத்தநாகம், தங்கம், வெள்ளி என்று நான் படித்த செய்தியில் பட்டியல் இருந்தது. அங்கே உயிரோடு என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. அன்றிலிருந்தே மனசு ஆறவில்லை.

இந்தத் தாது எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடலடி வெந்நீர் ஊற்று கக்கும் உலோகம் குளிர்ந்த நீர் பட்டுப் படிந்து புகைபோக்கி போல வளர்கிறது. அந்தப் புகைபோக்கியைத்தான் நீங்கள் தாது என்கிறீர்கள், செதில்கால் நத்தை குடியிருப்பதும் அதன் அடியில்தான். 2001-ல் இந்தியப் பெருங்கடலில், 2,400 மீட்டருக்கும் கீழே, கெய்ரேய் ஊற்றில் அதைக் கண்டார்கள். காலைச் சுற்றிச் செதில், ஓட்டின் மேல் இரும்பு சல்பைடு பூச்சு. தன் உடம்புக்குள் பாக்டீரியாவை வளர்த்து, அது தருவதைக் கொண்டே பிழைக்கிறது. அந்த ஓட்டின் மூன்று அடுக்கையும் பார்த்து, அடி தாங்கும் கவசம் செய்ய வழி கிடைக்குமா என்று 2010-லேயே ஆராய்ந்தார்கள். ஆனால் முறைப்படி அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது 2015-ல். அது வாழும் இன்னோர் இடமான, அதே கடலிலுள்ள லாங்சி ஊற்று அடங்கிய பகுதியைச் சீனாவுக்கு நீங்கள் ஒப்பந்தமாக எழுதிக் கொடுத்தது 2011-ல். பெயர் வைக்கக்கூட நேரம் கொடுக்கவில்லையே! 2019-ல் அது அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் சிவப்புப் பட்டியலுக்குப் போனபோது, தெரிந்திருந்த மூன்று இடங்களில் இரண்டு உங்கள் ஒப்பந்தப் பகுதிகளுக்குள் இருந்தன.

நான் கேட்பது ஒன்றுதான். உயிரோடு இருக்கும், அதாவது இன்னும் வெந்நீர் கக்கும் ஊற்றுகளில் கை வைக்காதீர்கள். அணைந்துபோன ஊற்றுகளைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் பரவிய பிறகு எரிபுலின் என்ற ஊசி போட்டார்கள். அது கடற்பஞ்சு என்ற கடல் உயிரினத்தில் கிடைத்த ஒரு பொருளைப் பார்த்துச் செய்த மருந்து. நியூசிலாந்துக் கடலில் ஒரு டன் பஞ்சை எடுத்தும் அந்தப் பொருள் 300 மில்லிகிராம் அளவுக்குத்தான் தேறியது. அதன் ஒரு பகுதியைப் போல ஆய்வகத்திலேயே செய்ததுதான் மருந்தானது. என் மகளுக்குப் பெயர் வைத்த அன்று அத்தை எங்களோடு இருந்தார். அந்தப் பஞ்சு இருந்தது சுமார் நூறு மீட்டர் ஆழத்தில்தான், எட்டக்கூடிய தூரம். 2,000 மீட்டர் ஆழத்து ஊற்றிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரின் நொதி, கொதிக்கும் சூட்டிலும் கெடாமல் ஆய்வகங்களில் டிஎன்ஏவைப் படியெடுக்கிறது. இன்னும் பார்க்காத ஊற்றுகளில் என்னென்ன இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

தேடத்தானே அனுமதித்தோம் என்பீர்கள். எடுக்கும் எண்ணமில்லாமல் யாராவது பதினைந்து வருடம் தேடுவார்களா? பெரு நாட்டுக்கு அப்பால் 1989-ல் சோதனைக்காகக் கீறிய கடலடியில் 26 வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் தடம் அப்படியே இருந்தது. கடலடி மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்று உங்கள் சட்டமே சொல்கிறது. ஆனால் நிலத்தில் மலையைக் குடைந்தோம், ஆற்றில் மணலை அள்ளினோம், எல்லா இடத்திலும் முதலில் எடுத்துவிட்டு அப்புறம்தான் என்ன போனது என்று கணக்குப் பார்த்தோம். இங்கேயாவது கணக்கை முதலில் பார்க்கக் கூடாதா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுரங்க விதிகளை இன்னும் எழுதிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? உயிருள்ள ஊற்றுகளைத் தொடக் கூடாது என்று அதில் ஒரு விதி சேருங்கள். அதை முதலில் முன்மொழிவது இந்தியாவாக இருக்கட்டும் என்று நம் பிரதிநிதிகளையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வாசகி