தண்ணியும் வெள்ளமும்

அடியே வாத்தியாரம்மா,

எட்டு மாசமா ஒரு வரி எழுதலைன்னு திட்டிக்கிட்டிருப்பே. திட்டு. இங்க எல்லாரும் சௌக்கியம், என் முட்டி தவிர. கண்டக்டர் வீட்டுக் கல்யாணத்துக்கு வராததுக்குத் தனியா கால்ல விழறேன்.

போன ஞாயித்துக்கிழமை மாமியார் வீட்டுல இருந்தோம். பொண்ணு ஓடியாடி மூச்சு வாங்க வந்து நின்னா. மாமியார் "தண்ணி வேணுமா?"ன்னாங்க. நடந்தது அவ்வளவுதான். எனக்கு ராத்திரி தூக்கம் வரலை.

2020 பிப்ரவரியில அம்மா புதுக்கோட்டையிலேர்ந்து ஒரு மாசத்துக்குன்னு சிங்கப்பூர் வந்து மாட்டிக்கிட்டது ஞாபகம் இருக்கா? ஏப்ரல் 7லேர்ந்து ஜூன் 1 வரைக்கும் 'சர்க்யூட் பிரேக்கர்'ங்கற கொரோனா ஊரடங்கு. வேத்து வீட்டு ஆளு உள்ள வரக்கூடாது, நாமளும் போகக்கூடாது. அதுக்கு முன்னாடி பகல் முழுக்க இவளைப் பாத்துக்கிட்டது அச்சம்மாதான், அதான் என் மலையாள மாமியார். நாலு வயசு, தண்ணிக்கு மலையாளத்துல "வெள்ளம் வேணம்"னுதான் கேப்பா. எங்கம்மா பதறிப்போயி, "வெள்ளம் வந்தா வீடே போயிரும்டி, தண்ணின்னு சொல்லு"ன்னாங்க. விழுந்து விழுந்து சிரிச்சோம்.

எட்டே வாரம். "அம்மாச்சி, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?"னு சோத்துக்குத் தொட்டுக்கறதை எங்க ஊருப் பேச்சுலயே கேக்க ஆரம்பிச்சுட்டா. எனக்குப் பெருமை தாங்கலை, உனக்கே எத்தனை வீடியோ அனுப்பினேன்! நாலு பஸ் ஸ்டாப் தள்ளி இருந்த அச்சம்மா போன்ல மலையாளத்துல கொஞ்சினா, இவ எந்திரிச்சு ஓடிருவா. பிடிச்சு வைக்க அவங்களே தமிழுக்கு மாறிட்டாங்க. ஜூன் 2லேர்ந்து ஒரு நாளைக்கு ரெண்டு பேர் போய்ப் பாக்கலாம்னு விட்டப்ப, ரெண்டு பேருக்கும் அதுவே பழகிப்போயிருந்துச்சு.

இங்க பள்ளிக்கூடத்துல தாய்மொழிப் பாடமா இந்தி, பஞ்சாபி, உருது, வங்காளம், குஜராத்தி எல்லாம் எடுக்கலாம். மலையாளம் மட்டும் பட்டியல்ல இல்ல. அதனால இவளுக்குத் 'தாய்மொழி' தமிழ். எங்க கட்சி டெபாசிட்டோட ஜெயிச்சாச்சு. வீட்டுக்காரர் இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை குறைப்பட்டதில்லை. சண்டை போட்டிருந்தா தேவலைன்னு இருக்கு. இப்ப நான் கிளறினதுக்கும், "அவ வாயத் திறந்தா இங்கிலீஷ், இதுல உங்கம்மா எங்கம்மா என்ன"ன்னுட்டு டிவி பாக்கப் போயிட்டார்.

நீ பாலக்காட்டுல நாலு வருஷம் குப்பை கொட்டினவ. "அம்மே, எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்க"ங்கறதை மலையாளத்துல வீட்டுப் பேச்சா எழுதி அனுப்பு. கூகுள்ல போட்டா நியூஸ் வாசிக்கிற மாதிரி வருது.

உன் ஊறுகா ஜாடி இன்னும் எங்கிட்டதான்.

இப்படிக்கு,
ஊமைக்கோட்டான்