நீல நூல் பொத்தான்

சபையாருக்கும், எங்கள் தெருவாருக்கும், அச்சகத்தாருக்கும், மருத்துவமனை வராந்தாவில் எங்களோடு கண்விழித்திருந்த எல்லாருக்கும்,

ஸ்தோத்திரம். என் கணவர் வீடு திரும்பி இன்றோடு ஒன்பது நாட்கள். கூடத்திலிருந்து சமையலறை வரை பிடிமானம் இல்லாமல் நடந்துவிடுகிறார். காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று நேற்று கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்தைக் கேட்டு நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். பிறகு இருவருமே அழுதோம். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த நாற்பத்தொரு நாட்களை இங்கே மறுபடி விரிக்கப் போவதில்லை. விரிக்கத் தெம்பும் இல்லை.

பலருக்கு மொத்தமாக நன்றி சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரத்தம் கொடுத்த வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள், முறைவைத்துக் கஞ்சியும் ரசமும் அனுப்பிய பெண்கள் ஐக்கியத்தார், வாய்திறந்து கேட்பதற்கு முன்பே முன்பணம் தந்த முதலாளி, நள்ளிரவிலும் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்காத ஆட்டோக்காரர், "அக்கா, நீங்கள் கொஞ்சம் படுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற நாகர்கோவில் பக்கத்துச் செவிலியர் பெண், பிள்ளைகளைத் தினமும் மாலையில் தங்கள் வீட்டில் உட்காரவைத்துப் படிக்கவைத்த மாடிவீட்டு பாய் குடும்பம். எங்கள் அடுப்படியில் உங்கள் எவர்சில்வர் பாத்திரங்கள் குவிந்து கிடக்கின்றன. பெயர் பொறித்தவை எல்லாம் உரிய வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. பொறிக்காதவர்கள் வந்து அடையாளம் சொல்லி எடுத்துப் போகவும். கட்டிலருகே நின்றுகொண்டு, இந்த நோய் யார் செய்த பாவத்துக்கு என்று ஆராய்ந்த ஓரிருவருக்கும் வணக்கம்.

இனி அந்தப் பொத்தானுக்கு வருகிறேன்.

வீடு திரும்பிய மறுநாள் காலை, மகனுடைய பள்ளிச் சட்டையை அலமாரியிலிருந்து எடுத்தேன். மடிப்பு கத்திபோல் நின்றது. மூன்றாவது பொத்தான் மட்டும் நீல நூலால் தைக்கப்பட்டிருந்தது. வெள்ளைச் சட்டையில் நீல நூல்! நான் இருபத்திரண்டு வருடங்களாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். சட்டை வெளுப்பாக இருந்ததும், கஞ்சி மொடமொடத்ததும் என் கண்ணில் விழவில்லை. "யார் இப்படித் தைத்தது?" என்றுதான் முதலில் கேட்டேன். அத்தையாக இருக்கும் என்று நினைத்தேன். அத்தைக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது. "இஸ்திரி தாத்தா" என்றான் மகன், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. நாங்கள் மருத்துவமனைக்கு ஓடிய மூன்றாம் நாள், கொடியிலிருந்து எடுத்த கசங்கல் சட்டையோடே பையன் பள்ளிக்குப் போயிருக்கிறான். தெருமுனை வேப்பமரத்தடியில் வண்டி போட்டிருக்கும் பெரியவர் அவனை நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லி, பனியனோடு வண்டியருகே நிற்கவைத்துத் தேய்த்து மாட்டிவிட்டிருக்கிறார். அன்று இரவு முதல் அவரே வீட்டு வாசலுக்கு வந்து இரண்டு பிள்ளைகளின் துணியையும் வாங்கிப்போய், விடியற்காலையில் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். என்றோ ஒருநாள் பொத்தான் அறுந்திருக்கிறது. அவரிடம் இருந்தது நீல நூல்.

அந்த வண்டியை ஆறு வருடங்களாகத் தினமும் இருமுறை கடந்து போகிறேன். அதன் பலகையில் "இங்கு இஸ்தரி போடப்படும்" என்று எழுதியிருக்கிறது. 'தி' வரவேண்டிய இடத்தில் 'த'. ஆறு வருடங்களாக அந்தப் பிழை எனக்குத் தெரியும். அந்த மனிதரின் பெயர் தெரியாது.

இதைப் படித்துவிட்டு யாரும் என்னைத் தேற்ற வேண்டாம். ஆயரின் பிரசங்கத்தில் வசன எண் மாறினால் கையிலிருக்கும் தாளில் குறித்துக்கொள்கிறவள் நான். வீட்டில் கணவர் நாற்காலியில் துண்டைப் போட்டால் அதுவும் கண்ணில் பட்டுவிடும். வீட்டையும் சபையையும் மெய்ப்புத் தாளாகவே வாசித்துவந்திருக்கிறேன். அந்த மோசமான இரவுகளில் ஆண்டவரையும் அப்படித்தான் வாசித்தேன். இங்கே பிழை, இங்கேயும் பிழை. பன்னிரண்டாம் இரவில் வேதாகமத்தை மூடிப் பைக்குள் தள்ளிவிட்டு, இனி உம்மோடு எனக்குப் பேச்சில்லை என்று சொல்லிவிட்டேன். இதை ஆயரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இங்கே வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

யோவான் சுவிசேஷத்தில் 'கரிநெருப்பு' இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று பதினெட்டாம் அதிகாரம்: பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலிக்கிறான். மற்றது இருபத்தொன்று: உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, ராமுழுதும் வலை வீசியவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். ஒரே சொல் இரண்டு முறை வந்ததைத் தொழில் புத்தி எப்போதோ கவனித்திருந்தது. அதற்கு மேல் போகவில்லை. இப்போது அந்த வண்டியருகே நின்று, பெட்டியின் மூடியைத் திறந்து பெரியவர் கரியை விசிறுவதைப் பார்க்கையில், விசுவாசிகள் மத்தியில் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருந்தாலும், அந்தக் கரையில்தான் நிற்கிறேன் என்று தோன்றுகிறது. அவருடைய வண்டியில் ஒட்டியிருப்பது அம்மன் படம். நான் பேச்சை முறித்துக்கொண்ட அந்தப் பன்னிரண்டாம் இரவிலும் என் பிள்ளைகளின் துணி அவர் கையில் இருந்திருக்கிறது.

நான் வேலை செய்வது சென்னை வேப்பேரியில். 1761-இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அங்கிருந்து எடுத்துவந்த அச்சு இயந்திரம் இந்த வேப்பேரிக்குத்தான் வந்தது, ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் ஐயரின் பொறுப்பில். வேதத்தைத் தமிழாக்கிய அவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். எழுத்துக் கோத்தவர்கள், மை தடவியவர்கள், தாளைக் காயப்போட்டவர்கள் யாரையும் நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை, அதே பேட்டையில் அதே தொழிலைச் செய்துகொண்டே. நாசரேத்தில் ஆண்டவர் தச்சராக இருந்த வருடங்களைப் பற்றியும் சுவிசேஷங்கள் கிட்டத்தட்ட ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவர் கையால் கால் சரிசெய்யப்பட்ட முக்காலியில் யாரோ ஒரு கிழவி உட்கார்ந்து கீரை ஆய்ந்திருப்பாள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். வேதத்தில் இல்லாததுதான்.

நேற்று முதல் மறுபடி வேலைக்குப் போகிறேன். முதலில் கைக்கு வந்தது ஒரு காதணி விழா அழைப்பிதழ். வேதாகம அகராதிக்குக் காட்டும் கவனத்தை அதற்கும் காட்டினேன். தாய்மாமன் பெயரில் விடுபட்டிருந்த ஒற்றைக் கண்டுபிடித்தேன். இனி அப்படித்தான் என்று அங்கேயே ஒரு பொருத்தனை செய்துகொண்டேன். இன்னொன்றும் உண்டு: மகனின் அந்தப் பொத்தானை அறுத்து வெள்ளை நூலால் தைக்கமாட்டேன். சட்டை சின்னதாகிவிட்டாலும் வைத்திருப்பேன்.

பெரியவரின் பெயர் இப்போது எனக்குத் தெரியும். இங்கே எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எதற்கு, அம்மா" என்று தலையாட்டிவிட்டார். பதிலுக்கு வேறொன்று கேட்டார். பலகை வெயிலில் மங்கிவிட்டதாம். எழுத்து வேலை பார்க்கிற நான் புதிதாக ஒன்று எழுதித் தரவேண்டுமாம். சிவப்பு வண்ணமும் தூரிகையும் வாங்கியாகிவிட்டது, சனிக்கிழமை மாலை எழுதப் போகிறேன். சட்டைக்கு இவ்வளவு, சேலைக்கு இவ்வளவு என்று கூலி விவரமெல்லாம் சொல்லிவிட்டார். நாற்பத்தொரு நாள் கணக்கு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் காது கேட்காதவர்போல் கரியை விசிற ஆரம்பித்துவிடுகிறார்.