நம் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கை

பெரியோர்களே, ஆச்சிமார்களே, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு ஊர் வந்த கையோடு இந்தக் கூட்டத்துக்கும் வந்துவிட்ட வெளியூர் உறவுகளே, வணக்கம்.

போன வருட அறிக்கை நீளம் என்று புகார் வந்தது. அதனால் சின்ன விஷயங்களை முதலிலேயே சின்னதாக முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு ஆறு முறை கூடியது. அதில் ஒரு முறை ஆள் போதாமல் காப்பி மட்டும் குடித்துவிட்டுக் கலைந்தோம். நூலகத்தின் மேற்குப் பக்கக் கூரை ஓடுகளை மாற்றினோம். ஐப்பசி மழைக்கு ஒழுகவில்லை. ஊருணிக்கு வரும் வரத்துக்காலைத் தூர்வாரக் கொடுத்த மனு இன்னும் மனுவாகவே இருக்கிறது. இந்த ஆண்டு மறைந்த உறுப்பினர் மூவருக்கும் சங்கம் தன் அஞ்சலியைப் பதிவு செய்கிறது.

இனி நர்சிங் உதவித்தொகை. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2018இல் இதைத் தொடங்கியபோது நம் கணக்கு எளிமையாக இருந்தது. நர்சிங் சேரும் பிள்ளைக்கு முதல் வருடக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சங்கம் கொடுக்கும். படித்து முடித்தால் வேலை நிச்சயம். அப்புறம் குடும்பம் நிமிர்ந்துவிடும். இதுவரை பதினேழு பேருக்குக் கொடுத்திருக்கிறோம். மூன்று பேர் பையன்கள். இந்த ஆண்டுதான் முதன்முறையாக, படித்து முடித்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ‘என்ன சம்பளம், அடுத்து என்ன திட்டம்’ என்று கேட்டோம். கேட்டதற்கு அப்புறம் குழுவில் இருந்த நாங்கள் நால்வரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஒரு பெண்ணின் கதையை மட்டும் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பிளஸ் டூ முடித்து ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோவில் சேர்ந்தாள். மூன்று வருடப் படிப்பு. முடித்ததும் பக்கத்து ஊரில் இருபது படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்தாள். கையில் வாங்கியது 11,500 ரூபாய். வீட்டுக்குப் பக்கம், பஸ் செலவு இல்லை, அம்மாவுக்கு நிம்மதி. இரண்டு வருடம் கழித்து எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நர்சிங் ஆபீசர் எடுக்கும் நார்செட் தேர்வுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தாள். பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்கள் அப்படியே எழுதலாம். ஜிஎன்எம் படித்தவர்களுக்கு இரண்டு வருட அனுபவம் வேண்டும். அதுவும் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில். அவள் பார்த்த இரண்டு வருட நைட் ட்யூட்டியும் அந்த விண்ணப்பத்தில் கணக்கில் வரவில்லை. சேரும்போது இதை அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. பணம் கொடுத்த நாமும் சொல்லவில்லை, நமக்கே தெரியாது.

அந்தத் தேர்வில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஏழாவது சம்பளக் குழுவின்படி நர்சிங் ஆபீசருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, நர்சிங் அலவன்ஸ் எல்லாம் உண்டு. ரயில்வே மருத்துவமனைகளிலும் இதே நிலைதான். பையன்களைப் பெற்றவர்கள் கவனிக்க: எய்ம்ஸ் இடங்களில் நூற்றுக்கு எண்பது பெண்களுக்கு, இருபது ஆண்களுக்கு. அதனால் பையன்களுக்குப் போட்டி கடுமை. ஆனாலும் கதவு மூடவில்லை.

நம் மாநில அரசில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுக்கிறார்கள். 2015இல் எடுத்தபோது தொகுப்பூதியம், அதாவது படிகள் இல்லாத ஒரே தொகை, மாதம் 7,700 ரூபாய், இப்போது 18,000. பணி நிரந்தரம் ஆவதற்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. அரசு வேலை என்றதும் மாப்பிள்ளை வீட்டார் மனதில் ஓடும் சம்பளம் வேறு, தொகுப்பூதியத்தில் கைக்கு வருவது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கடன் வாங்காதீர்கள்.

தனியார் மருத்துவமனைச் சம்பளத்துக்கு ஒரு அளவுகோல் காகிதத்தில் இருக்கிறது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அந்த மாநில அரசு நர்ஸுக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்ஸுகள் போராடி, 2018இல் 20,000 என்று குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பே வாங்கினார்கள். இங்கே 11,500. நடுவில் இருப்பது வெறும் மலைதான்.

நம் முன்னோர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன கதையை நாம் சலிக்காமல் பேசுகிறோம். அதில் ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிட்டோம் என்று நினைக்கிறேன்: சம்பளச் சீட்டு. கப்பல் ஏறுமுன்பே மூன்று வருடக் கணக்குக்கு இன்ன சம்பளம் என்று சீட்டு எழுதினார்கள். முன்பணம் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெட்டியடிப் பையனாக, அதாவது கடை எடுபிடியாக, போனவன் உதவிக்கு நிற்கும் அடுத்தாள் ஆனான், அப்புறம் கடையையே நடத்தும் மேலாள் ஆனான். எந்தக் கடையில் யாரிடம் பழகினான் என்பதுதான் அவனுக்கு மூலதனம். இன்று நம் பிள்ளைகள் நியமனக் கடிதம்கூட வாங்காமல் ‘நாளைலேர்ந்து வந்துரும்மா’ என்ற வாய்ச்சொல்லில் வேலைக்குப் போகிறார்கள். ஆறு மாதம் கழித்து அனுபவச் சான்றிதழ் கேட்டால், ‘நீ ட்ரெயினியாத்தானே இருந்த’ என்கிறார்கள்.

இதில் என் வீட்டு அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பி மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து வெளியூர் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தாள். சேரும் அன்றே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு தாளில் கையெழுத்து. பதினான்காவது மாதம் வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்தது, சான்றிதழ் கிடைக்கவில்லை. நானும் தம்பியும் இரண்டு முறை போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு வந்தோம். கடைசியில் ஒரு வக்கீல் நோட்டீஸ் போனது, ஒரே வாரத்தில் கவர் வந்துவிட்டது. கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருள் அல்ல, அதை யாரும் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதை அந்த வக்கீல்தான் எங்களுக்குச் சொன்னார். முப்பது வருடம் பேங்கில் அடகு பார்த்தவன் நான். எனக்கே தெரியாமல் இருந்தது வெட்கம்தான்.

இந்த அனுபவத்தையெல்லாம் வைத்து, மே 12 நர்ஸ் தினத்தை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் ஒரு கூட்டம் போட்டோம். வேலையில் இருக்கும் நர்ஸுகள் ஐந்து பேர் வந்து பேசினார்கள். அவர்கள் சொன்னதில் முக்கியமானவை இங்கே.

படிப்பிலேயே பாதை பிரிகிறது. ஏஎன்எம் இரண்டு வருடம். கிராம சுகாதார நர்ஸ் வேலைக்கு அது வழி. ஜிஎன்எம் மூன்று வருடம். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவர்களும் சேரலாம். பி.எஸ்சி. நான்கு வருடம், அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். ஜிஎன்எம் படித்தவர்கள் அப்புறம் இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் படித்துப் பட்டம் வாங்கிக்கொள்ளலாம். மேலே எம்.எஸ்சி. முடித்தால் கல்லூரியில் பாடம் எடுக்கலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். கல்லூரியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். நம் பதினேழு பேரில் தகுதி இருந்தும் இருவர் விண்ணப்பிக்கவே இல்லை.

கல்லூரி சேருமுன் அங்கீகாரத்தைப் பாருங்கள் என்று ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். படித்து முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸ். அந்தப் பதிவுக்கு அடிப்படையான சட்டம் 1926இலேயே சென்னை மாகாணத்தில் வந்துவிட்டது. இருந்தும் ‘ஆறு மாதத்தில் நர்சிங்’ என்று காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். அதைப் படித்தால் வெள்ளைக் கோட்டு கிடைக்கும், பதிவு கிடைக்காது.

முதல் இரண்டு வருடம் பெரிய மருத்துவமனையில் இருங்கள், அதுவும் ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ், எமர்ஜென்சி என்று ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் மதுரையில் ஐசியூ இன்சார்ஜாக இருக்கும் சிஸ்டர். அவர் இன்று வாங்கும் சம்பளம் தொடக்கச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு. அதற்குப் பதினோரு வருடம் ஆனது, நடுவில் முதுகுவலியும் வந்தது என்பதையும் அவரே சொன்னார். ‘முதல் சம்பளத்தைக் கேட்டுட்டு இந்தத் தொழில எடை போடாதீங்க. ஆறாவது வருசச் சம்பளத்தக் கேளுங்க’ என்றார்.

வெளிநாடு பற்றித்தான் கேள்விகள் அதிகம் வந்தன. இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையில் ஐந்தாம் நிலை (புதிதாகச் சேரும்) நர்ஸுக்கு 2025–26இல் தொடக்கச் சம்பளம் வருடம் 31,049 பவுண்ட். நம் காசில் 35 லட்சம் என்று பெருக்கி மயங்க வேண்டாம். வரி, வாடகை, பஸ் எல்லாம் அங்கே பவுண்டில்தான். ஆங்கிலத் தேர்வு ஐஇஎல்டிஎஸ் என்றால் எழுத்தில் 6.5, மற்ற மூன்றில் 7, அல்லது மருத்துவத் துறையினருக்கான ஓஇடி தேர்வு. அப்புறம் கணினித் தேர்வு, அங்கே போய் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. முன்போல இப்போது அள்ளி எடுப்பதும் இல்லை. ஜெர்மனியில் ஆள் தேவை இருக்கிறது, ஆனால் ஜெர்மன் மொழியைச் சரளமாகப் பேசி எழுதும் அளவுக்கு, பி2 என்ற நிலை வரை படிக்க வேண்டும். அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் நிலையில்தான் வேலை. வந்தபின் முதியோர் பராமரிப்பில் முழுத் தகுதி பெற்ற நர்ஸுக்குக் குறைந்தபட்சம் மணிக்கு 20.50 யூரோ, இது 2025 ஜூலை நிலவரம். சிங்கப்பூர் நமக்குப் பழகின ஊர் என்பதால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் வேலைக் கடிதத்தில் முழுத் தகுதியுள்ள ரெஜிஸ்டர்டு நர்ஸா, அதற்குக் கீழ்நிலையான என்ரோல்டு நர்ஸா, வெறும் உதவியாளரான ஹெல்த்கேர் அசிஸ்டென்டா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். தேங்காய்க்கும் கொட்டாங்கச்சிக்கும் உள்ள வித்தியாசம் அது.

சவூதி, குவைத், மலேசியா போன்ற நாடுகளுக்கு நர்ஸ் அனுப்புவதை 2015இல் மத்திய அரசு மாநில அரசு நிறுவனங்கள் பக்கம் திருப்பியது. நமக்குக் கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட்கூட 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். நான்கு லட்சம் கேட்பவரிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். இன்னொன்று: வளைகுடாவில் அனுபவச் சான்றிதழை அதைக் கொடுத்த மருத்துவமனையிடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய கடிதம் அங்கே மாட்டும், பெயரும் கெடும்.

இப்போது உறுப்பினர்களைப் பற்றி ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர் வளவுகளில் பாதி வீட்டில் ஆச்சியோ ஐயாவோ தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிகாகோவிலும். ‘ராத்திரி தங்க ஒரு நர்ஸ் பாத்துக் குடுங்க’ என்று மாதத்துக்கு நாலு போன் எனக்கு வருகிறது. சம்பளம் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டால் போனில் அமைதி. கல்யாணத்துக்கு வரும் தலைமைச் சமையல்காரரிடம் பேரம் பேசாத நாம், இன்சுலின் போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றி, இரவெல்லாம் விழித்திருப்பவளிடம் ஆயிரம் ரூபாய் குறைக்கப் பார்க்கிறோம். அப்புறம், நர்ஸ் வேறு, வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் துணையாள் வேறு. துணையாளை வைத்துக்கொண்டு ஊசி போடச் சொல்லாதீர்கள். நர்ஸை வைத்துக்கொண்டு முற்றம் கூட்டச் சொல்லாதீர்கள். இரண்டும் நம் ஊரில் நடந்தது.

குழு எடுத்த முடிவை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன். வரும் ஆண்டிலிருந்து உதவித்தொகையில் பாதியைச் சேர்க்கைக்கும், மறுபாதியைப் படிப்பு முடிந்த பின்பும் கொடுப்பது. கவுன்சில் பதிவுக் கட்டணம், மொழித் தேர்வு, பெரிய ஊரில் சேர்ந்த முதல் மூன்று மாத விடுதி வாடகை, இவற்றுக்கு. அந்த வாடகை இருந்திருந்தால் முதலில் சொன்ன பெண் இருபது படுக்கையில் நின்றிருக்க மாட்டாள். அவள் போன மாசி மாதம் மதுரையில் 150 படுக்கை மருத்துவமனை ஒன்றில் சேர்ந்துவிட்டாள். இந்த முறை நியமனக் கடிதத்தை வாங்கி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகுதான் பஸ் ஏறினாள்.

இதற்கு எதிராகக் குழுவில் ஒருவர் பேசினார் என்பதையும் பதிவு செய்கிறேன். சேர்க்கைத் தொகையைக் குறைத்தால் ஏழைப் பிள்ளைகள் சேரவே மாட்டார்கள் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. அதனால் மகமையை, அதாவது உறுப்பினர்கள் சங்கத்துக்குத் தரும் தொகையை, கூட்டுவதா என்பதை இங்கே பேசி முடிக்கக் கோருகிறேன்.

கூட்டத்துக்கு வந்து பேசிய ஐந்து சிஸ்டர்களுக்கும், அன்றைக்கு வெள்ளைப் பணியாரம் சுட்டுக் கொடுத்த மேலத் தெரு ஆச்சிமாருக்கும், வக்கீல் நோட்டீஸுக்குக் கட்டணம் வாங்காத உறுப்பினருக்கும் சங்கத்தின் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அதில் நூலக ஓட்டுச் செலவு இரண்டு இடத்தில் வருவதாகத் தணிக்கையாளர் குறித்திருக்கிறார்; ஒன்று ஓடு, இன்னொன்று கூலி, சரியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்