கேமரா கம்பெனிகளே, அந்த டயலுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள்

கையடக்க டிஜிட்டல் கேமரா தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். கேமராவின் தலையில் ஒரு டயல் வைத்து அதில் முகம், மலை, ஓடும் ஆள், நிலா என்று வரைந்து வைத்திருக்கிறீர்கள். எந்தச் சமயத்துக்கு எது என்று குழந்தைக்கும் புரியும், சரி. திருப்பினால் உள்ளே என்ன மாறுகிறது என்பதைத்தான் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

தீபாவளி ராத்திரி நடப்பதைப் பாருங்கள். கம்பி மத்தாப்பு பிடித்திருக்கும் பிள்ளையை எடுக்க, பட்டாசுதானே என்று வாணவேடிக்கை மோடைப் போடுகிறார்கள். அதில் வெளிச்சத்தை உள்ளே விடும் கதவான ஷட்டர் சில வினாடிகள் திறந்தே கிடக்கும், ஃபோகஸ் தூரத்துக்குப் போய்விடும், பிளாஷ் எரியாது. மூன்று கால் ஸ்டாண்டான டிரைபாடில் நிறுத்தி வானத்தைப் பார்த்து வைத்தால் பிரமாதமாக வரும், ஆனால் எதிரே நிற்கும் பிள்ளை ஆவி மாதிரிதான் தெரியும். அங்கே வேண்டியது இரவில் ஆளை எடுக்கிற மோடு: பிளாஷ் முகத்தைப் பிடித்துக்கொள்ளும், ஷட்டர் இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருந்து பொறிகளையும் பின்னால் இருக்கும் வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும். பிளாஷ் அடித்ததும் படம் முடிந்தது என்று பிள்ளை ஓடிவிடும், அதனால் கொஞ்சம் பொறு என்று முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும். இதை உங்கள் திரை சொல்கிறதா? சில மாடல்களில் 'இரவில் ஆட்களைப் படமெடுக்க' என்று ஒரு வரி வருகிறது. அதைத்தான் அந்த நிலாப் படமே சொல்லிவிட்டதே!

முகம் போட்ட மோடு இன்னும் மோசம். பின்னணி மங்கி முகம் மட்டும் பளிச்சென்று நிற்கும் என்று நம்பித்தான் எல்லோரும் அதைத் திருப்புகிறார்கள். சாதாரண சின்னக் கேமராவில் படத்தைப் பதியும் சில்லான சென்சாரின் அகலம் 6 மில்லிமீட்டர் சொச்சம், அதில் மோடு மாற்றிப் பின்னணியை மங்க வைக்க முடியாது. பெரும்பாலும் தோல் நிறத்தைத்தான் கொஞ்சம் மென்மையாக்கிக் கொடுக்கிறீர்கள். ஆளைச் சுவரை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லி, கொஞ்சம் ஜூம் பண்ணி எடுத்தால் அதைவிடப் பலன் உண்டு. 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 போல 13.2 மில்லிமீட்டர் அகலச் சென்சாரும் நிறைய வெளிச்சம் வாங்கும் அகலத் திறப்புள்ள எஃப்1.8 லென்ஸும் இருந்தால், கிட்டப் போய் எடுக்கும்போது ஓரளவு மங்கும்.

ஓடும் ஆள் மோடு வெயிலில் அருமை. பள்ளி ஆண்டு விழா மேடைக்கு அதைப் போட்டால், ஷட்டர் சட்டென்று மூடிவிடுவதால் வெளிச்சம் போதாமல், ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறன் ஏறிப் படம் முழுக்கப் புள்ளி.

கேட்பது இவ்வளவுதான். டயலைத் திருப்பியதும் 'ஷட்டர் 2 வினாடி, பிளாஷ் கிடையாது, கையில் பிடித்து எடுக்காதீர்கள்' என்று தமிழில் ஒரு வரி. அப்புறம், அணைத்து வைத்த பிளாஷ், கேமராவை மறுபடி போடும்போதும் அணைந்தே இருக்கட்டும்.