ஒளி விழாக்களில் நம் மாரிகாலமும் இடம்பெறட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மார்கழி மாதத்தில் திருகோணமலைப் பாடசாலைகள் பலவற்றில் நத்தாரையொட்டி ஒளி விழா நடப்பதும், அதில் சைவ, இஸ்லாமிய மாணவர்கள் பாலன் குடில் அமைக்கக் கைகொடுப்பதும் மனநிறைவு தருபவை. ஆயினும், உலகின் குளிர்காலப் பண்டிகைகள் என்று மேடையேறும் நிகழ்ச்சிகளில் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. சவுக்கு மரக் கிளையில் பஞ்சை ஒட்டிப் பனி என்று காட்டும் நாம், மண்டபத்துக்கு வெளியே கொட்டும் வடகீழ்ப் பருவமழையையும், அதனோடு வரும் நம் பண்டிகைகளையும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

பிறநாட்டார் பனிக்காகப் பண்டிகை கொண்டாடவில்லை; நீண்ட இருட்டில் ஒளியேற்றவே கொண்டாடுகின்றனர். சுவீடனில் டிசம்பர் 13ஆம் திகதி, லூசியா நாளன்று, வெள்ளை அங்கி அணிந்த பெண்பிள்ளை தலையில் மெழுகுவர்த்தி முடி சூடி வருகிறாள். அந்நாட்களில் ஸ்டொக்ஹோமில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஈரானியர் ஆண்டின் மிக நீண்ட இரவை யல்தா என்று கொண்டாடி, மாதுளையும் வத்தகைப்பழமும் உண்டு, ஹாபிஸின் கவிதைகளைப் படித்தபடி விழித்திருக்கின்றனர். நமக்கோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணித்தியால வேறுபாடுதான். எங்கள் இருட்டு மழை முகிலால் வருவது.

அந்த இருட்டில்தான் கார்த்திகை விளக்கீடு வருகிறது. வாசலில் வாழைக்குற்றி நாட்டி, அதன் தலையில் விளக்கு வைத்து, தடியில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த பந்தங்களை வளவின் மூலைகளிலும் கிணற்றடியிலும் மாட்டுத்தொழுவத்தடியிலும் கொளுத்தி நாட்டுகிறோம். தூறல் அணைக்க அணைக்க மீண்டும் கொளுத்துவது பிள்ளைகளின் வேலை. கோயில் முன்றலில் சொக்கப்பானை எரிகிறது. மார்கழி விடியலில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடி வீதிவலம் வருவோர், திருவாதிரையோடு அதனை நிறைவு செய்கின்றனர். 2004ஆம் ஆண்டுக்குப் பின்னர், நத்தாருக்கு மறுநாள் ஏற்றப்படும் ஆழிப்பேரலை நினைவுச் சுடரும் இக்கரையோர மக்களின் மார்கழியோடு சேர்ந்துவிட்டது.

புலம்பெயர்ந்த நம் உறவினர்களைப் பாருங்கள். கனடாவின் நாடாளுமன்றம் 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. முற்றம் முழுதும் உறைபனி கிடக்க, அவர்கள் வீட்டுக்குள் பானை வைத்துப் பொங்குகின்றனர். அங்குள்ள பிள்ளைக்குப் பொங்கலின் காரணம் சொல்லிக்கொடுக்கப்படும்போது, இங்குள்ள பிள்ளைக்கு விளக்கீட்டின் காரணம் தெரியாமற்போவது வருத்தத்துக்குரியது.

ஆகவே, ஒளி விழாவை ஒழுங்குசெய்யும் ஆசிரியர்கள் வாழைக்குற்றி விளக்கொன்றையும் மேடையில் வைத்து, அதனை ஏற்றும் வீட்டுப் பிள்ளையையே பேசவைக்க வேண்டும். நவம்பர் 2ஆம் திகதி இறந்தோர் நினைவாகச் சேமக்காலையில் மெழுகுவர்த்தி ஏற்றுவதைக் கத்தோலிக்கப் பிள்ளை சொல்லட்டும். பெருநாள் ஏன் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வருகிறது என்பதைக் கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பிள்ளைகள் விளக்கட்டும். சங்கமித்தை வெள்ளரசுக் கிளையைக் கொணர்ந்ததை நினைவுகூரும் உந்துவப் போயா என்னும் டிசம்பர் முழுநிலா நாளைப் பற்றிச் சிங்கள மாணவர் பேசட்டும். தங்கள் பத்திரிகையின் சிறுவர் பகுதியிலும், பனிப்படங்களோடு, இந்தப் பிள்ளைகள் எழுதுபவற்றுக்கும் கார்த்திகை முதல் தை வரை இடமளிக்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.