வாசனையை எப்படி வெளிய விடறாங்கன்னு எழுதவே இல்லையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல வாசனைக் கலை பத்தி, அதாவது வாசனையையே கலைப்படைப்பா வச்சுக் காட்டறதைப் பத்தி, வந்த கட்டுரை படிச்சேன். நல்லாத்தான் ஆரம்பிச்சாரு, ஆனா நடுவுல "அப்ப ஊதுபத்தி கொளுத்தி வச்சா அதுவும் கலைதானா"ன்னு ஒரு நக்கல் அடிச்சுட்டு அடுத்த பாராவுக்குப் போயிட்டாரு. நான் பாரிமுனைல பத்திக்குப் போடற சென்ட் காம்பவுண்ட் (வாசனைக் கலவை) வியாபாரம் பண்றவன், சுருக்குன்னு பட்டுச்சு, அதான் எழுதறேன்.

வாசனைல பொழப்பு நடத்தறவங்களுக்கு முதல் தலைவலியே மூக்குதான் சார். எவ்வளவு ஒசத்தி மல்லிகையா இருந்தாலும் கொஞ்ச நேரத்துல மூக்கு பழகிடும், கடைக்குள்ளயே நிக்கிற எனக்கு ஒண்ணும் தெரியாது, வெளிய இருந்து வர்ற கஸ்டமர்தான் "என்னங்க இப்படித் தூக்குது"ன்னு மூக்கைப் பிடிப்பாங்க. புது காம்பவுண்டை மோந்து பாக்கறதுக்கு முன்னாடி சட்டைக் கைல மூக்கைப் புதைச்சு ரெண்டு இழுப்பு இழுத்துட்டுத்தான் சென்ட்ல தோச்சு மோந்து பாக்கற காகித ஸ்ட்ரிப்பையே எடுப்போம். ஒரு ஹால் பூரா வாசனையை ரொப்பி வச்சீங்கன்னா வர்றவங்களுக்குப் பத்து நிமிஷத்துல அது வெறும் ஹால்தான். அதனால எப்ப விடறது, எவ்வளவு விடறது, யார் கையால விடறதுங்கறதுலதான் இந்த ஆர்ட்டிஸ்டுங்களோட மொத்த சாமர்த்தியமும் இருக்கு, கட்டுரைல அதுக்கு ஒரு வரி கூட இல்ல.

சிசெல் டோலாஸ்னு ஒரு நார்வேக்காரம்மா, பெர்லின்ல இருக்காங்க. 2006ல அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்தோட லிஸ்ட் ஆர்ட் கேலரில என்ன பண்ணாங்கன்னா, பயத்தால அவதிப்படற ஆம்பளைங்களோட அக்குள் வியர்வையை எடுத்து, அதுல என்னென்ன மூலக்கூறு இருக்குன்னு பிரிச்சுப் பாத்து, அதையே லேப்ல திரும்பச் செஞ்சு, கண்ணுக்குத் தெரியாத கேப்சூலுக்குள்ள அடைச்சு பெயின்ட்ல கலந்து சுவத்துல அடிச்சுட்டாங்க. பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, வெறும் சுவர். கை வச்சுத் தேச்சாதான் கேப்சூல் உடைஞ்சு நாத்தம் கிளம்பும். யாரோ ஒருத்தனோட பயத்தை நம்ம விரலாலயே கிளப்பி விடணும், தேய்க்கலாமா வேணாமான்னு ஒரு கூச்சம் வரும் பாருங்க, என்னைக் கேட்டா அந்தக் கூச்சம்தான் கலை. 2021ல நெதர்லாந்து ஹேக் நகரத்து மொரிட்ஷுயிஸ் மியூசியத்துல பழைய ஓவியங்களுக்குப் பக்கத்துல கால்ல மிதிச்சா வாசனை வர்ற பம்ப் வச்சிருந்தாங்க, கால்வாய் நாத்தம் உட்பட! அங்கயும் வேணுங்கறவங்க மிதிச்சாத்தான் வரும்.

ஊதுபத்தி நக்கலுக்குப் பதில் நம்ம சென்னைலயே இருக்கு. பெனிதா பெர்சியாள்னு ஒரு கலைஞர், 2014 கொச்சி பினாலேங்கற பெரிய கலைக் கண்காட்சில ஏசுவையும் சீடர்களையும் குந்திரிக்கம், வெள்ளைப்போளம், பட்டை, கிராம்பு இதையெல்லாம் அரைச்சுக் கலந்த கலவைலயே சிலையா வடிச்சு வச்சாங்க. பத்தி போடறவனுக்குத் தெரியும், இதெல்லாம் நெருப்புல போடறதுக்குன்னே இருக்கற சரக்கு. அவங்க கொளுத்தவே இல்ல, சிலை அது பாட்டுக்கு மணந்துக்கிட்டு நிக்குது, ஆனா எந்த நேரமும் எரியக்கூடிய சாமி அது. கட்டுரை எழுதினவர் இவங்க பேரையே எடுக்காதது ஆச்சரியமா இருக்கு.

இன்னொண்ணு, பெட்டிச் செய்தில "அழிஞ்ச பூவோட வாசனையை அப்படியே மீட்டுட்டாங்க"ன்னு போட்டிருக்கீங்க, அது தப்பு. ஹவாய்ல மாவி தீவுல இருந்த நம்ம செம்பருத்தி வகையறாப் பூ, 1912 வாக்குல அழிஞ்சு போச்சு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோட ஹெர்பேரியத்துல (உலர் செடிச் சேமிப்பு) காய வச்சிருந்த செடில இருந்து டிஎன்ஏ எடுத்து, ஜின்கோ பயோவொர்க்ஸ்ங்கற பயோடெக் கம்பெனி, அலெக்ஸாண்ட்ரா டெய்சி கின்ஸ்பெர்க்ங்கற கலைஞர், இதே டோலாஸ் எல்லாரும் சேர்ந்து 2019ல காட்டினாங்க. வாசனைக்கான ஜீன் வச்சு எந்தெந்தப் பொருள் இருந்திருக்கும்னு சொல்லலாம், எது எவ்வளவுன்னு சொல்ல முடியாது. எங்க தொழில்ல சரக்கு லிஸ்ட் யார் கைல கிடைச்சாலும் கவலைப்பட மாட்டோம், அளவு வெளிய போனாத்தான் கடை காலி. அந்தக் கலைஞர்களே இதை ஒளிக்கல, கண்ணாடி அறைக்குள்ள வாசனையைத் துண்டு துண்டா விட்டு, உள்ள நிக்கிறவங்களைச் சுத்திக் கலக்க விட்டாங்க, ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் மாறும், இதுதான் சரியான வாசனைன்னு ஒண்ணு கிடையாது. "அப்படியே"ங்கற வார்த்தையை மட்டும் எடுத்துட்டு அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போட்டுடுங்க சார்.

இப்படிக்கு,
வாசகன், பாரிமுனை, சென்னை