மனுதாரராக நின்ற ஆளுநரின் மனைவி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆளுநர்களின் மனைவியரைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் மரக்கன்று நடும் படத்தோடு முடிந்துவிடுகின்றன. கணவரின் பதவிக்காலம் முடிந்து கால் நூற்றாண்டு கழிந்த பின் தம் மாநில அரசின்மீதே வழக்குத் தொடுத்த அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்துப் பெல்லா ஹாமண்டைப் பற்றி எழுதத் தோன்றியதற்கு அதுவே காரணம்.

அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் தேர்தலில் வென்று மாநிலத்தை ஆள்பவர். நம் முதலமைச்சருக்கு நிகரானவர். பெல்லாவின் கணவர் ஜே ஹாமண்ட் 1974 முதல் 1982 வரை அப்பதவியில் இருந்தார். பெல்லா யூப்பிக் பழங்குடி மரபினர். அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாப் பகுதியில் வளர்ந்து, கரையோரம் வலை கட்டிச் சால்மன் மீன் பிடித்துப் பழகியவர். உலகில் பிடிபடும் செஞ்சால்மனில் ஏறத்தாழப் பாதி அந்த விரிகுடாவிலிருந்துதான் வருகிறது. அங்கே பாயும் ஆறுகளின் தலைப்பகுதியில்தான், தாமிரமும் தங்கமும் எடுக்க ‘பெப்பிள்’ என்ற மாபெரும் சுரங்கத் திட்டம் தீட்டப்பட்டது. நீரில் தாமிரம் மிகச் சிறிதளவு கூடினாலும் சால்மனின் மோப்பத்திறன் கெடும். கடலிலிருந்து திரும்பித் தான் பிறந்த ஓடையை மோப்பத்தாலேயே கண்டடையும் மீனுக்கு அது வழி மறந்துபோவதற்குச் சமம். சுரங்கம் வேண்டும் என்ற உள்ளூர் மக்களும் இருந்தனர் என்பதைச் சொல்லியாக வேண்டும். பிழைப்பு அரிதான சிற்றூர்களில் அது புரிந்துகொள்ளக்கூடிய விருப்பமே.

பெல்லா அறிக்கை விடுவதோடு நிற்கவில்லை. 2009-இல், உள்ளூர்ப் பழங்குடியினரின் அமைப்போடும், மாநில அரசமைப்புச் சட்டத்தை வகுத்தவர்களுள் ஒருவரான விக்டர் ஃபிஷரோடும் சேர்ந்து வழக்காடினார். எந்நேரமும் திரும்பப் பெறத்தக்க தற்காலிக அனுமதி என்று கூறி, மக்களுக்கு முன்னறிவிப்பே தராமல் துளையிடும் ஆய்வுகளுக்கு அரசு ஆண்டுக்கணக்கில் இசைவு அளித்து வந்தது சட்டப்படி செல்லுமா என்பதே கேள்வி. கீழ்நீதிமன்றம் 2011-இல் மனுதாரர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்குச் செலவைத் தோற்றவர்கள் தலையில் கட்டும் முயற்சியும் நடந்தது. எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு அது சிறிய மிரட்டல் அன்று. 2015-இல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது: பெயருக்குத் தற்காலிகமே தவிர, நடைமுறையில் திரும்பப் பெற இயலாத அந்த அனுமதிகளுக்கு முன்னறிவிப்பு கட்டாயம் என்றது.

அவர் 2020 பிப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில், நீர்நிலைகளைப் பாதிக்கும் பணிகளுக்கு அனுமதி வழங்கும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது. 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அத்திட்டத்துக்குத் தடை விதித்தது. இரண்டையும் பார்க்க அவர் இல்லை.

பெரும்பதவியில் இருப்போரின் குடும்பத்தாரைப் பற்றி எழுதும்போது, மாளிகையை விட்டு வெளியேறிய பின் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் தங்கள் இதழில் இடம் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்